குருஷேவ் பத்தி நீ எழுதினதுக்கு

மாப்ள,

உன் லெட்டர் போன வாரமே வந்துடுச்சு, பேத்திக்கு காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சதுல உடனே பதில் எழுத முடியல. இப்ப தேவலாம், இட்லி கேட்டு வாங்கி சாப்பிடறா. உன் முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல மனசுக்கு நிம்மதி. நாலு பக்கத்துல முட்டிக்கு ரெண்டே வரி, மிச்சம் பூரா, ஸ்டாலினுக்கு அப்புறம் சோவியத் யூனியனை ஆண்ட குருஷேவைத் திட்டி எழுதியிருக்க. திருத்தல்வாதி (கொள்கையைத் திரிச்சவன்), கோமாளி, ஸ்டாலின் கட்டின வீட்டை இடிச்சவன்னு. படிக்கப் படிக்க உங்கப்பா குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு. 64ல நம்ம நாட்டு கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டா உடைஞ்ச பிறகு உங்கப்பா அந்தப் பக்கம் எங்கப்பா இந்தப் பக்கம், அதுக்கப்புறமும் எத்தனை வருஷம் டீக்கடையில இதே பேச்சு, ஞாபகம் இருக்கா? நம்ம நோட்டுக்கெல்லாம் அப்ப சோவியத் நாடு பத்திரிகைத் தாள்லதான் அட்டை போட்டிருக்கும்.

ரெண்டு மாசமா நானும் அந்த மனுஷனைப் பத்தியேதான் படிச்சுக்கிட்டு இருக்கேன். நீ சொல்ற குற்றம் வேற, எனக்கு அவர்மேல இருக்கற கோவம் வேற.

1956 பிப்ரவரி 25, சோவியத் கட்சியோட இருபதாவது காங்கிரஸ், அதாவது மாநாடு, கதவைச் சாத்திட்டு நாலு மணி நேரம் பேசினாரே, நீ அதைத்தான் துரோகம்ங்கற. நான் அப்படி நினைக்கல. ஆனா அந்தப் பேச்சுல பாதி உண்மைதான் இருந்துச்சு, அதுதான் என்னை உறுத்துது. ஸ்டாலின் கொன்ன கட்சிக்காரங்களைப் பத்தி சொன்னாரு. கூட்டுப்பண்ணைக்காக தானியத்தைப் பிடுங்கினதுல பட்டினியில செத்தாங்களே லட்சக்கணக்குல விவசாயிங்க, அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவரு என்ன வெளியாளா? 37ல மாஸ்கோ கட்சிக்குத் தலைவரு, 38லேர்ந்து உக்ரைன்ல, கைது லிஸ்ட்டுல இவரு கையெழுத்தும் இருக்கு. தன் கையில இருக்கற ரத்தத்தைப் பத்தி அவரு மூச்சு விடல. ஆனாலும் மாப்ள, ஸ்டாலின் அடைச்சு வச்ச சிறை முகாம்லேர்ந்து லட்சக்கணக்குல ஆளுங்க வீட்டுக்குத் திரும்பி வந்தாங்க பாரு. பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கறான், பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல. அந்தக் கதவு தட்டற சத்தத்தை நினைச்சா எனக்கு வேற எதுவும் பெருசா தெரியல.

அடுத்த வருஷம் ஜூன்ல ஸ்டாலினோட பழைய ஆளுங்க மாலென்கோவ், மொலோடோவ், ககனோவிச் எல்லாம் சேர்ந்து இவரைத் தூக்கப் பாத்தாங்க. தலைமைக் குழுவுல மெஜாரிட்டி அவங்க பக்கம்தான். இவரு, என்னைத் தேர்ந்தெடுத்தது மத்திய கமிட்டி, அதுதான் முடிவு பண்ணணும்னு சொல்லிட்டாரு, மெம்பருங்களை ராணுவ விமானத்துல ஏத்திக்கிட்டு வந்து ஓட்டைத் திருப்பிட்டாங்க, ராணுவ மந்திரி ஜுக்கோவ் கூட நின்னாரு (நாலே மாசத்துல அந்த ஜுக்கோவையே வீட்டுக்கு அனுப்பினாரு, அது தனிக் கதை). தோத்தவங்களுக்கு என்ன ஆச்சுங்கறதுதான் விஷயம். ககனோவிச் போன் போட்டு, ஸ்டாலின் காலத்துல செஞ்ச மாதிரி என்னை செஞ்சுடாதீங்கன்னு கெஞ்சினதா பின்னாடி குருஷேவே சொல்லியிருக்காரு. யாரையும் சுடல. மொலோடோவ் மங்கோலியாவுக்கு தூதரா போனாரு, மாலென்கோவ் கசகஸ்தான்ல ஒரு நீர்மின் நிலையத்துக்கு மேனேஜர், ககனோவிச் யூரல் பக்கம் ஒரு பொட்டாஷ் ஃபேக்டரிக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவை சுட்ட அதே ஆளுங்கதான் இது. தோத்தவன் உயிரோட இருக்கலாம்ங்கறது அந்த ஊருல அதுக்கு முன்னாடி கிடையாது மாப்ள.

வீட்டை இடிச்சவன்னு எழுதின பாரு, அதுக்குத்தான் இது. ஸ்டாலின் காலத்துல பட்டணத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு ரூம், ஏழெட்டு குடும்பத்துக்கு சேர்த்து ஒரே சமையல்கட்டு, யார் என்ன பேசறாங்கன்னு பக்கத்து அடுப்புக்காரிக்கு தெரியும். 57லேர்ந்து இவரு சரசரன்னு அஞ்சு மாடி வீடா கட்டித் தள்ளினாரு, சுவரையெல்லாம் ஃபேக்டரியில வார்த்துக் கொண்டுவந்து கிரேன்ல தூக்கி வச்சு. அஞ்சு மாடிக்கு மேல போனா லிஃப்ட் வைக்கணும், அதனாலதான் அஞ்சோட நிறுத்தினாங்க. கூரை தாழ்வு, சுவரு மெல்லிசு, சமையலறை ஆறு சதுர மீட்டர் கூட தேறாது, நம்ம வீட்டு ஸ்டோர் ரூம் அளவு. ஜன்னலுக்குக் கீழ சுவத்துலயே ஒரு அலமாரி வச்சிருப்பாங்க, வெளிக்குளிர் உள்ள வரும், பனிக்காலத்துல பாலு வெண்ணெய் எல்லாம் அதுலதான், ஃப்ரிட்ஜ் வேண்டாம். கோடிக்கணக்கான ஜனங்க அப்பதான் வாழ்க்கையில முதல் தடவையா தன் வீட்டுக் கதவைத் தானே சாத்தினாங்க. அந்தக் குட்டி சமையல்கட்டுல உக்காந்துதான் நம்பிக்கையானவங்களோட மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சாங்க, சர்க்காரைப் பத்தி, செத்தவங்களைப் பத்தி, அவரைப் பத்தியே கூட. ஸ்புட்னிக், ககாரின் எல்லாம் பெருமைதான், ஆனா எனக்கு அவரு செஞ்சதுலயே பெருசு அந்த ஆறு மீட்டர்தான்.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். அவருக்கு எல்லாம் உடனே நடக்கணும், கூட இருக்கறவன் முடியாதுன்னு சொன்னா காதுல ஏறாது. இறைச்சியிலயும் பால்லயும் அமெரிக்காவைப் பிடிக்கணும்னு 57ல அறிவிச்சாரு. ரியாசான் மாவட்டத்துல லாரியோனோவ்னு ஒரு கட்சி செயலாளர், ஒரே வருஷத்துல இறைச்சியை மூணு மடங்கு ஆக்கறேன்னு வாக்கு குடுத்துட்டாரு. எப்படி ஆக்கறது? கறவை மாட்டை வெட்டினாங்க, சினைக்கு வச்சிருந்ததை வெட்டினாங்க, ஜனங்க வீட்டு மாட்டை வாங்கினாங்க, பக்கத்து மாவட்டத்துல போயும் வாங்கினாங்க. கணக்கு சரியாச்சு, மெடல் குடுத்தாங்க. அடுத்த வருஷம் வெட்ட மாடு இல்ல. 1960ல அந்த ஆளு தற்கொலை பண்ணிக்கிட்டாரு. மாட்டை வித்துட்டு வெறும் தொழுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற குடும்பத்தை நம்ம ஊர்ல நீயும் பாத்திருக்க, நானும் பாத்திருக்கேன். மக்காச்சோளமும் அப்படித்தான், குளிர் நாட்டுல விளையாத எடத்துலயெல்லாம் போடச் சொன்னாரு. கசகஸ்தான் தரிசை உழுதாங்க, ஆரம்பத்துல நல்ல வெள்ளாமையும் கிடைச்சுது, அப்புறம் மேல்மண்ணெல்லாம் காத்துல பறந்துடுச்சு, 63ல கனடாவுலேர்ந்து கோதுமை வாங்கவேண்டியதாப் போச்சு.

நோவோசெர்காஸ்க் விஷயத்தை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். 1962 ஜூன் ஒண்ணாம் தேதி இறைச்சி, வெண்ணெய் விலையை ஏத்தறாங்க, அந்த ஊரு ரயில் இன்ஜின் ஃபேக்டரியில அதுக்கு முன்னாடியே கூலியைக் குறைச்சிருக்காங்க. நாங்க என்னத்த சாப்பிடறதுன்னு கேட்டவங்ககிட்ட, கறி வாங்க முடியலன்னா ஈரல் போண்டா தின்னுங்கன்ற மாதிரி டைரக்டர் சொல்லியிருக்கான். மறுநாள் லெனின் படத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலமா வந்த தொழிலாளிங்களை சுட்டாங்க, இருபத்து நாலு பேருக்கு மேல செத்தாங்க. பொணத்தைக்கூட வீட்டுக்குக் குடுக்கல, வெவ்வேற எடத்துல ரகசியமா புதைச்சாங்க. மைதானத்துல ரத்தக்கறை போகலன்னு மேல புது தார் போட்டாங்க. அப்புறம் கோர்ட்டு வச்சு ஏழு பேருக்கு மரண தண்டனை. தொழிலாளி கட்சின்னு சொல்லிக்கிட்டு இது. இருபதாவது காங்கிரஸ்ல பேசின அதே ஆளோட ஆட்சி. 56 நவம்பர்ல ஹங்கேரிக்குள்ள டாங்கியை விட்டதையும் இதோட சேர்த்துக்க. கியூபாவுக்கு ஏவுகணை அனுப்பி உலகத்தையே நடுங்க வச்சாரு, ஆனா கடைசி நேரத்துல பின்வாங்கவும் துணிஞ்சாரு, அது அவரு கணக்குல வரவுதான்.

1964 அக்டோபர் 14 அவரை இறக்கிட்டாங்க, அவரு வளர்த்துவிட்ட பிரெஷ்னேவே முன்னாடி நின்னு. சண்டை போடல. ஸ்டாலினைப் பாத்து, நீ எங்களுக்கு வேண்டாம், போன்னு யாராவது சொல்லியிருக்க முடியுமா, சொன்ன எடத்துல ஈரம்கூட மிஞ்சியிருக்காது, இப்ப பயம் போயிடுச்சு, அதை நான்தான் செஞ்சேன்னு அன்னிக்கு ராத்திரி கூட்டாளி மிக்கோயன்கிட்ட குருஷேவ் சொன்னதா சொல்றாங்க. அதுக்கப்புறம் ஏழு வருஷம் தோட்டத்துல காய்கறி போட்டாரு, டேப் ரெக்கார்டர்ல தன் கதையை சொன்னாரு.

இன்னொண்ணு. 62 டிசம்பர்ல மாஸ்கோவுல ஓவியக் கண்காட்சிக்குப் போயி நெயிஸ்வெஸ்ட்னின்னு ஒரு சிற்பியைக் கன்னாபின்னான்னு திட்டினாரு, அந்த ஆளு போர்ல குண்டடி பட்டவன், பயப்படாம முகத்துக்கு நேரா பதில் சொன்னான். 71ல இவரு செத்தப்ப கிரெம்ளின் சுவர்ல எடம் குடுக்கல. கல்லறைக்கு சிலை செய்ய குடும்பம் தேடிப் போனது அந்த நெயிஸ்வெஸ்ட்னியைத்தான். அவனும் செஞ்சு குடுத்தான், கறுப்பு கிரானைட்டும் வெள்ளை சலவைக்கல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்த மாதிரி, நடுவுல குருஷேவ் தலை. நூறு தடவை அந்தப் போட்டோவைப் பாத்துட்டேன் மாப்ள, ஒரு பிரிண்ட் இதோட வச்சிருக்கேன், பாரு.

அவரை இறக்கினதும் அதே 64லதான், நம்ம அப்பனுங்க பிரிஞ்சதும் அதே வருஷம். உங்கப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப எங்கப்பா போயி பக்கத்துல உக்காந்துட்டு வந்தாரே, ரெண்டு பேரும் அன்னிக்கு என்ன பேசினாங்கன்னு உனக்காவது தெரியுமா? எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. தெரிஞ்சா எழுது. மாடிப்படி ஏறாத, வாக்கர் இல்லாம நடக்காத, தங்கச்சியைக் கேட்டதா சொல்லு.

உன்
பழைய பெஞ்ச்காரன்