ரோபோ வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த ஆண்டு நம் சங்கம் உருப்படியாகச் செய்த வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமை ரோபோ வகுப்புதான். பள்ளிப் பிள்ளைகளோடு பணி ஓய்வு பெற்றவர்கள் சிலரும் வந்தார்கள், ரெசிஸ்டரை, அதாவது கரண்ட்டைக் குறைக்கும் அந்தச் சின்ன உதிரியை, முதல்முறை கையில் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும். இலக்கு சின்னதுதான்: வெள்ளைச் சார்ட்டில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓடும் இரண்டு சக்கர வண்டி.

எல்லா உதிரிகளும் ஒரே பெட்டியில் வரும் கிட் வாங்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. கிட்டில் எல்லாம் தானாகப் பொருந்திவிடும், பொருந்திவிட்டால் இது எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு), மஞ்சள் பிஓ மோட்டார்கள் (கியர் வைத்த சின்ன மோட்டார்கள்), எல்298என் டிரைவர் (போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் தருவது), ஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கறுப்பா வெள்ளையா என்று பார்ப்பது) என்று உதிரியாகவே வாங்கினோம்.

வகுப்பில் பாதி நேரத்தைச் சாப்பிட்டது 9 வோல்ட் சதுரப் பேட்டரி. வண்டி ஒரு இழுப்பு இழுக்கும், நிற்கும், போர்டு விளக்கு மினுக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எல்லோரும் நிரலைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தாள்: சும்மா இருக்கும்போது 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, மோட்டார் சுற்றத் தொடங்கியதும் ஆறுக்கும் கீழே இறங்கியது. அந்தச் சதுரப் பேட்டரிக்கு உள்மின்தடை அதிகம், மோட்டார் கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது, வோல்ட் சரிந்ததும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. 18650 என்ற லித்தியம் ரீசார்ஜ் செல் இரண்டைத் தொடராகப் போட்டோம், முழு சார்ஜில் 8.4 வோல்ட், எல்298என் தன் பங்குக்குச் சுமார் 2 வோல்ட் தின்றுவிடும், மிச்சம் அந்த மோட்டாருக்குச் சரியாக இருந்தது. அந்த டிரைவர் இல்லாமல் மோட்டாரை நேராக ஊனோவின் பின்னில் (கம்பி மாட்டும் முனையில்) மாட்டக்கூடாதா என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுப்பதுதான் நல்லது, மோட்டாருக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. அப்புறம், மோட்டாருக்கும் போர்டுக்கும் தனித்தனிப் பேட்டரி வைத்தவர்கள் கிரவுண்டை, அதாவது மைனஸ் முனைகளை, ஒன்றாக இணைக்கவும். இதை நான் கரும்பலகையில் எழுதியே வைத்திருக்கிறேன், இன்னும் மறக்கிறார்கள்.

மொட்டைமாடியில் நடத்திய செயல்விளக்கம் சொதப்பியது உங்களுக்கே தெரியும். வெயிலிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது, சென்சாருக்குக் கோடும் வெள்ளை, தரையும் வெள்ளை. கீழே ஹாலில் ஓடியது. டேப் தீர்ந்துபோய் மார்க்கரால் கோடு போட்ட இடத்தில் மட்டும் தடுமாறியது, காரணம் சில கறுப்பு மைகள் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஓய்வுபெற்ற ஓர் ஐயா செய்த வண்டி. ஆர்டுயினோவே இல்லை. சென்சார் வெளியீட்டை நேராக மோட்டார் டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தால் இடது சக்கரம் நிற்கும், வண்டி தானே அந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான். 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் செய்த ஆமை ரோபோக்களிலும் இரண்டே வால்வுதான் (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்), அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. புதிதாக வருகிறவர்களுக்கு அடுத்த முறை இதையே முதல் பாடமாக வைக்கலாம் என்பது என் எண்ணம். நிரல் பின்னால் வரட்டும்.

சால்டரிங் பற்றிச் சுருக்கமாக: ஓடாத வண்டிகளில் பலவற்றுக்கு டிரை சோல்டர்தான் (சரியாக ஒட்டாத இணைப்பு) காரணம். புகை வெளியேற ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யவும், ஈயம் கலந்த கம்பி என்பதால் கை கழுவாமல் வடையில் கை வைக்க வேண்டாம்.

கருவிகள் வீட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருப்பது தொடர்கிறது. நோட்டில் எழுதாமல் இனி மல்டிமீட்டர் தரப்படாது.

வரும் ஆண்டுக்கு, கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை ஒன்று வாங்க வேண்டும். ஷார்ட் ஆனாலும் பெரும்பாலும் போர்டு எரியாமல் தப்பும், பிள்ளைகளும் பயமில்லாமல் மாட்டிப் பார்ப்பார்கள். செயற்குழு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது, பொதுக்குழுவிலும் ஆட்சேபம் இல்லையென்றால் தீர்மானமாக எழுதிக்கொள்கிறேன்.