தேர்ச்சி விழுக்காட்டில் விடுபடும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்ற பட்டியல்தான் முன்னால் நிற்கிறது. அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடப்படுவது. ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் இருந்த பள்ளியில் 8 பேர் இடைநின்று, 4 பேர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வராமல், எழுதிய 88 பேரில் 84 பேர் தேறினால் 95.45 விழுக்காடு என்று வரும். தொடக்கத்தில் இருந்தவர்களை வைத்துப் பார்த்தால் 84தான். 2023இல் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை. எவ்வளவு பெரிய இழப்பு!

மாவட்டங்களின் பள்ளிக்கல்வியை மதிப்பிடும் ஒன்றிய அரசின் மாவட்டச் செயல்திறன் குறியீட்டில் பல அளவீடுகள், மொத்தம் 600 மதிப்பெண். ஆனால் பல விவரங்கள் பள்ளிகளே யுடைஸ் என்னும் ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை பதிபவை. கழிப்பறை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று பதிந்த மறுமாதம் தண்ணீர் மோட்டார் பழுதானால் அது கணக்கில் ஏறாது.

மாநிலப் பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பதிவையும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோர் பட்டியலையும் அந்த எண்ணால் ஒப்பிட்டாலே எத்தனை பேர் விடுபட்டனர் என்று தெரிந்துவிடும். மாற்றுச்சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்தவர்களை மட்டும் கழிக்க வேண்டும். இல்லையேல் அவர்களும் இடைநின்றவர்களாகிவிடுவர். விடுபட்டவர்களின் இந்த எண்ணிக்கையையும் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே கல்வித்துறை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர்,
திருச்சி