அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டார்

அண்ணா,

நீ புத்த பிக்கு ஆகிவிட்டாய். பிக்குகளை மரியாதையாக அழைக்கிற மாதிரி இனி உன்னைப் பந்தே என்றுதான் அழைக்க வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய் அண்ணி மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைவர் துறவியாகிவிட்டால் விவாகரத்து கேட்க 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் இடம் இருக்கிறது; பௌத்தர்களுக்கும் அதே சட்டம்தான். நோட்டீஸ் வருவதற்குள் என் மூலமாக உனக்குத் தெரியட்டும். விகாரைக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். வேறு வழியும் நீ வைக்கவில்லை.

குடியாத்தம் வீட்டில் நாம் 'சம்சாரா' பார்த்த ராத்திரிதான் மறக்கவே மாட்டேன் என்கிறது. பான் நளின் லடாக்கில் எடுத்த 2001-ஆம் ஆண்டுப் படம். மூன்று வருஷம், மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் தனியாகத் தவம் இருந்த தாஷி என்ற பிக்கு, அதற்கப்புறம்தான் ஆசையில் விழுகிறான். புத்தரே 29 வயது வரை இல்லறத்தில் இருந்தவர்தானே என்று அவன் குருவிடம் வாதாடியதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அண்ணி தரையில் உட்கார்ந்து முள்ளுக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டை விட்டு மறுபடியும் மடத்துக்குக் கிளம்புகிறவனை அவன் மனைவி பேமா வழிமறித்து, சித்தார்த்தனை எல்லோருக்கும் தெரியும், அவன் மனைவி யசோதரையை யாருக்குத் தெரியும் என்று கேட்கிறாளே, அங்கே அண்ணியின் கை நின்றுவிட்டது. தண்ணீரில் போட வேண்டிய துண்டுகள் முறத்திலேயே கிடந்து கறுத்துப்போயின. நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நீ சிலாகித்த கிம் கி-டுக்கின் 2003-ஆம் ஆண்டுக் கொரியப் படத்திலும், குழந்தையைக் கோயிலில் விட்டுப்போக வருகிறவளின் முகத்தைக் கடைசிவரை நமக்குக் காட்டுவதில்லை. மயங்குவதும் தடுமாறுவதும் தெளிவதும் ஆணுக்கு. ஏற்றுக்கொள்வது மட்டும் அவளுக்கா?

என் காலேஜ் ஃபீஸுக்காகப் பேரணாம்பட்டு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன் நீ. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, ஒன்றும் இல்லை போ என்பாய். அந்தக் கையை நினைத்தால் உன்மேல் கோபமே வராது.

ஆனால் அம்மாவிடம் மட்டும் சம்மதம் கேட்டாயே, அதை நினைத்தால் வருகிறது. புத்தர் தன் மகன் ராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது அவருடைய அப்பா சுத்தோதனர் மனம் நொந்து கேட்டதால்தான், பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று புத்தர் விதி வைத்தார். மனைவியைக் கேட்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. விதியில் இல்லாததை நீயும் கேட்கவில்லை. துறவு தப்பென்று நான் சொல்லவில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார்.

அந்தச் சித்திரையில் வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத மாட்டேன், உறவுக்காரர்கள் படிக்கிறார்கள். அண்ணி அடுத்து என்ன செய்வார் என்பதும் அவர் விஷயம்.

நோட்டீஸ் வந்தால் ஆட்சேபணை இல்லை என்று உடனே எழுதி அனுப்பு, அவருக்கு அலைச்சல் குறையும். பாப்பா படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் நீயே பேசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பாள்.