படலையில் நின்ற சைக்கிள்

கரவெட்டி,
22.01.2026

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அக்காவும் சுகம். நீயும் மருமகளும் சின்னவனும் சுகமாக இருக்கச் சந்நிதியானை வேண்டிக்கொள்கிறேன்.

பொங்கலன்று நீ எடுப்பாய் என்று விடியற்காலையே தொலைபேசியை முற்றத்துக் கதிரையில் கொண்டுவந்து வைத்திருந்தோம். பால் வடக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அக்கா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். நீ பார்த்ததாக நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அங்கே பனி, இரவு வேலை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் 19 நாள், தம்பி. உன் குரல் கேட்காமல் இந்த வீட்டில் இத்தனை நாள் போனதில்லை.

பெரியம்மாவுக்குக் கண் வெட்டியாயிற்று, இப்போது கண்ணாடி போடாமலே பேப்பர் வாசிக்கிறார். கிணற்றடிக் கதலி இரண்டு குலை தள்ளியிருக்கிறது. வேறு புதினம் இல்லை. புதினம் சொல்ல நான் பேனை எடுக்கவில்லை என்பது உனக்கே விளங்கியிருக்கும்.

சின்னவனுக்கு ஒரு வயதில் போடும் சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போட்டாயிற்றா?

கார்த்திகையில் கேட்டேன், அடுத்த கிழமை என்றாய். மார்கழியில் கேட்டேன், "பார்ப்போம் அம்மா" என்றாய். உன் "பார்ப்போம்" எனக்குப் பழக்கம். பத்து வயதில் பல் கழற்றப் போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதைத்தான் சொன்னாய். ஜனவரி 2ஆம் திகதி இரவு, இந்த ஊசியால்தான் தன் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது என்று ஒரு தாய் பேசும் காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டாய். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டாய். அழிப்பதற்குள் நான் முழுவதையும் பார்த்துவிட்டேன். அதில் பேசிய தாய் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் எடுத்து ஊசியைப் பற்றிக் கேட்டேன். நீ வைத்துவிட்டாய்.

மருமகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதற்பிள்ளைக்காரி. சிரித்து விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசிக்குக் கை நீட்ட வைக்க எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அவள் பயப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பயத்தை டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன கிழமை முன்வீட்டுக் குழந்தைக்கு 9 மாத ஊசி. துணைக்கு என்று சொல்லிக்கொண்டு நானும் கிளினிக்குப் போனேன். அங்கே இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தவள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சலிக்காமல் சொன்னாள். மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துக் காட்டினாள், பெருவிரல் அளவுதான். அதன் மேல் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய சதுரம். குப்பிக்கு வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வருமாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிடுவார்கள். கரைத்த மருந்தையும் 6 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஊசி போட்ட பிள்ளையை 20 நிமிடம் வாங்கிலேயே இருத்தி, கையைத் தொட்டுப் பார்த்துத்தான் வீட்டுக்கு விட்டாள்.

இங்கே 9 மாதத்தில் போடுவதைக் கனடாவில் ஏன் 12 மாதத்தில் போடுகிறார்கள் என்று கேட்டேன். தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போய், பிறந்த பிறகும் சில மாதம் காவலாக நிற்கும். அது நிற்கும்போது ஊசி போட்டால் மருந்தையும் பகையென்று எண்ணி அடித்துவிடும். அது தேய்ந்த பிறகு போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும். நோய் நடமாடும் நாடுகளில் அவ்வளவு காத்திருக்க முடியாது, அதனால் முந்திப் போடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சின்னவனின் நினைவுதான் வந்தது. தாய் கொடுத்த காவல் அவனுக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். ஊசியின் காவல் இன்னும் வரவில்லை. இப்படி ஒன்றுமில்லாமல் நிற்கும் மாதங்களில்தான் அவன் நடை பழகி, கடைக்கும் கோயிலுக்கும் உங்களோடு வருகிறான்.

ஊசியால் ஒன்றும் வராது என்று நான் சொல்லமாட்டேன். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி அது. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தது. போட்டு ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் வரலாம், உடம்பில் மெல்லிய செம்மை தெரியலாம். சில ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்க்கிறவருக்கு உயிர் போகும், ஆனால் பிள்ளை எழும்பி விளையாடும். சின்னமுத்தே வந்துவிட்டால் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளை அழற்சி. நியூமோனியா அதைவிட அதிகம். ஒரு ஊசியோடு நூற்றுக்கு 93 பேருக்குப் பாதுகாப்பு, இரண்டாவதும் போட்டால் 97. இரண்டாவது இங்கே 3 வயதில், உங்கள் ஒன்ராறியோவில் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில்.

அந்தக் காணொளியில் சொன்ன ஓட்டிசம் கதை 1998 இல் தொடங்கியது. அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டொக்டர் லண்டனில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை. வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு அவருடைய பெயரை வைத்தியர் பதிவிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் 650,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து, ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று 2019 இல் எழுதினார்கள். நீ மொறட்டுவையில் படித்தவன். நீ பட்டம் வாங்கிய அன்று அப்பா போட்ட வேட்டியை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். உன் படிப்பில் 12 பேரை வைத்து ஒன்றை நிரூபிக்க விடுவார்களா? அந்தத் தாய் பொய் சொல்கிறாள் என்று நினைக்காதே. ஊசி போடும் வயதும், பிள்ளையின் வித்தியாசம் கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. இரண்டையும் அவள் ஒரே மாதத்தில் கண்டிருக்கிறாள், பாவம்.

1998 இலிருந்து சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இருந்த கனடா, 2025 நவம்பரில் அந்தப் பெயரை இழந்தது. நீ இருக்கும் மாகாணத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் வந்தது. வருத்தக்காரர் இருந்துவிட்டுப் போன அறையில் 2 மணித்தியாலம் வரை கிருமி காற்றில் நிற்கும். உடம்பில் சிவப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். ஆகையால் வருத்தக்காரரிடம் போகாதே என்று உனக்குச் சொல்லியும் பயனில்லை. ஊசியைப் போடு, ராசா.

நீயும் டொக்டரிடம் கேள். உன் கார்டில் சின்னமுத்து ஊசி ஒருமுறைதான் பதிந்திருக்கிறது. அந்த நாளில் ஒன்றுதான் போட்டார்கள். மற்றபடி உன் கார்டில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. 9 மாதம் முடிந்து வந்த முதல் கிளினிக் நாளிலேயே உன்னைக் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாத காலம், பஸ் ஓடவில்லை. மழைக்குள் உன்னை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று அப்பா கேட்டார். நான் சொல்லவில்லை.

அக்காவின் கார்டை நீ பார்த்ததில்லை. அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்திருந்தேன். இதை எழுதும்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. சின்னமுத்து என்ற இடம் வெறுமை.

அக்காவின் காது 1987 இல் ஷெல் சத்தத்தில் போனது என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அப்படிச் சொன்னவள் நான். அது உண்மை அல்ல.

1986 ஆவணி விடுமுறை. அக்காவுக்கு 9 மாதம். அதற்கு முந்திய ஊசிக்குத் தொடை வீங்கி, விடியும்வரை வீரிட்டாள். இன்னொருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது என்று இருந்தது. இத்தனை வருடமும் அப்பம்மாதான் தடுத்தார் என்று என் மனதுக்கே சொல்லி வந்தேன். அதுவும் பொய். இரண்டு பிள்ளைகளைச் சின்னமுத்துக்குக் கொடுத்தவர் அவர். "கொண்டுபோ பிள்ளை" என்று மூன்று நாள் சொன்னார். நான் போகவில்லை. அதனால் மருத்துவமாது வீட்டுக்கே வந்தார். படலையில் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். நான் அக்காவைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், சத்தம் போடாதிருக்க முலையைக் கொடுத்துக்கொண்டு ஓலைத்தட்டி இடுக்கால் பார்த்தேன். மத்தியான வெயில். லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். திரும்பவும் மணி அடித்தார். அப்பம்மா தோட்டத்தில், வீட்டில் வேறு யாரும் இல்லை. மூன்றாம் முறையும் அடித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார். பிறகு சந்தையில் கண்டு கேட்டபோது ஆஸ்பத்திரியில் போட்டாயிற்று என்று சொன்னேன். ஆசிரியை சொன்னதால் நம்பினார். மூன்றாம் வகுப்புக்கு நோய்த் தடுப்பு என்று கரும்பலகையில் எழுதிய கை இது.

அடுத்த வைகாசியில் ஆமி வடமராட்சிக்குள் இறங்கியது. கோயில் மண்டபத்தில் பாயோடு பாய் முட்டக் கிடந்தோம். பக்கத்துப் பாயில் ஒரு பிள்ளை கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டாம் கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். காதுக்குப் பின்னால் தொடங்கி, முகம், நெஞ்சு என்று சிவப்பு இறங்கியது. வேப்பிலை கட்டினோம், இளநீர் கொடுத்தோம். உடம்பு தணிந்தது, ஆனால் இரண்டு காதிலும் சீழ் வடியத் தொடங்கியது. அதற்கு முன் காகம் கத்தினால் "கா கா" என்று கையை நீட்டுவாள். ஒரு நாள் காலை கிணற்றடிக் கட்டில் காகம் இருந்து கத்தியது. அவள் எனக்கு முன்னால் மண்ணில் இருந்தாள். திரும்பவில்லை. நான் காகத்தைக் கலைக்காமல் நின்றுகொண்டே இருந்தேன், அது இன்னும் கத்தட்டும் என்று.

வலது காது முழுவதும், இடது காது பாதி. கேட்டவர்களிடம் ஷெல் என்றேன். அந்த நாளில் அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கண் மூடும்வரை அதை நம்பினார்.

அதே யுத்தத்துக்குள், பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த நாட்கள் பிறகு வந்தன. 1993க்குப் பிறகு இந்த நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. சண்டை பிடித்தவர்களே பிள்ளைகளுக்காக நின்றார்கள். என் படலைக்கு ஊசி தானாக வந்தது. நான் குசினிக்குள் ஒளிந்தேன்.

போன ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். இடது பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன், இன்னொருமுறை சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஓரம் அடித்து முடித்து, நூலைக் கடித்து, எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வாளிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கேட்டது ஒன்றுதான். "தம்பிக்கு எழுதினீர்களா?" அதன் பிறகு என்னோடு சரியாகப் பேச்சில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

பிந்திவிட்டது என்று யோசியாதே. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மருமகள் தன் கேள்வி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகட்டும், டொக்டருக்கு முன்னால் அவளை அவசரப்படுத்தாதே. போட்ட பிறகு தடுப்பூசி பதியும் மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வை, பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று அவளுக்கு முந்தியே சொல்லி வை. என்னோடு கோபம் என்றால் இருக்கட்டும். எடுக்காவிட்டாலும், ஊசி போட்ட திகதியை மட்டும் அனுப்பு.

வெள்ளிக்கிழமை பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறான். மிளகாய்த்தூளும் பினாட்டும் கொடுத்துவிடுகிறேன். சின்னவனுக்கு அக்கா தைத்த சட்டையும் அதற்குள் இருக்கிறது. அன்று மெஷினில் இருந்தது அதுதான். கையை அகலமாக வெட்டி, தோளில் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறாள். ஊசி போடும்போது சட்டையைக் கழற்றாமல் கையை மட்டும் வெளியே எடுக்கலாமாம். உனக்கு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அம்மா