தரங்கம்பாடி மீனவத்தெரு அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

கிராமத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளே,

அம்மன் அருளால் குடமுழுக்கு நல்லபடியாக நடந்தது. மண்டலாபிஷேகமும் 48 நாள் குறைவின்றி முடிந்தது. தளவரிசை, மின்விளக்கு, மடப்பள்ளி ஓடு, வர்ணம் எல்லாம் பேசிய தொகைக்குள் அடங்கின.

மதில் பூச்சுக்குத்தான் பேசியதைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. "கான்ட்ராக்டரை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? சிமென்ட் பூசினால் ஒரே மாதத்தில் முடிந்திருக்குமே" என்று கூட்டத்தில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சுண்ணாம்புக் காரை என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர், வடக்கு மதிலில் சிமென்ட்டைப் பூசினார். மணல் எங்கிருந்து வந்தது என்றதற்குச் சரியான பதில் இல்லை. கருவாடு போடும் நம் ஆச்சி ஒருவர் அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "கடல் மணல்டா இது" என்று துப்பிவிட்டார். உப்பு ஏறிய பழைய செங்கல்லைச் சிமென்ட் போட்டு மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையும் செங்கலும் சுண்ணாம்பும்தான். 1306-ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்து வளர்ந்த நாம், காற்றுக்கும் உப்புக்கும் தாங்காத வேலையை அம்மனுக்குச் செய்யலாமா?

செய்த வேலையை அளந்து அதற்குரிய பணம் கொடுத்தோம். அதற்கு மேல் ஒரு காசு தரவில்லை. பூச்சைக் கொத்தி எடுத்து, மதிலை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறப்போட்டு, ஆற்று மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினோம். கூடுதல் செலவு முழுவதும் இதில்தான் போனது.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடலுக்குப் போக முடியாத நம் ஆட்கள் கூலி வாங்காமல் மண் சுமந்தார்கள். வருமானமில்லாத அந்த நாட்களில் தலைக்கட்டு வரியைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் வசூல் தாமதமானது.

உபயம்: விசைப்படகு உரிமையாளர்கள், ஃபைபர் படகுக்காரர்கள், ஏலக்காரர்கள், ஐஸ் வியாபாரிகள், வலை பின்னுவோர், மீன்கூடை சுமக்கும் தாய்மார்கள், சிங்கப்பூர், துபாய் பிள்ளைகள், கலசம் கொடுத்த சம்பந்தி ஊரார், மணி வாங்கித் தந்த கிறிஸ்தவ, முஸ்லிம் அன்பர்கள். ஒவ்வொருவர் பெயரும் தொகையோடு மண்டபப் பலகையில் எழுதப்பட்டுள்ளது. விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்க்கிறோம்.

மீதிப் பணம் கோயில் கணக்கில் இருக்கிறது. ரசீதுகளும் நோட்டும் வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்