கிரியாட்டினின் ஏறும்போதே மஞ்சள் காமாலை ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரியவர்களுக்கான தடுப்பூசி என்றாலே ஃப்ளூ, நிமோனியா ஊசிகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறி வருபவர்களுக்கு முந்திப் போட வேண்டியது ஹெபடைடிஸ் பி ஊசி, அதாவது மக்கள் சொல்லும் 'மஞ்சள் காமாலை ஊசி'. கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ் நடந்த பிறகுதான் பலருக்கு அதன் நினைவே வருகிறது. ரத்தத்தில் கழிவுகள் சேரச் சேர எதிர்ப்புச் சக்தி மங்கும். அப்போது போடும் ஊசி பலருக்குப் பலன் தருவதில்லை.

அரசின் குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையில் இது நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான். இன்று 50, 60 வயதில் இருப்பவர்கள் தாங்களாகப் போட்டிருந்தாலொழிய இந்த ஊசி போட்டிருக்க வாய்ப்பில்லை. ரத்தம் வழியே பரவும் இந்த வைரஸோ, காய்ந்த ரத்தக் கறையில்கூட ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும்.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று ஏற்கெனவே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் வழக்கமான அளவு 20 மைக்ரோகிராம். முதல் ஊசி, 1-வது மாதம், 6-வது மாதம் என மூன்று தவணை. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அளவு இரட்டிப்பு: 40 மைக்ரோகிராம், தொடக்கம், 1, 2, 6 மாதங்கள் என நான்கு தவணை. இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கடையில் வாங்கும் 1 மி.லி. குப்பியில் 20 மைக்ரோகிராம்தான் இருக்கும். ஒரு தவணைக்கு இரண்டு குப்பி வேண்டும். ஒன்றை மட்டும் போட்டு அனுப்பினால் பாதி மருந்துதான் போயிருக்கும். தவணை தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

போடும் இடம் தோள்தசை. இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிவிடும். அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் குத்தவே கூடாது. மறு கையிலேயே இரண்டு ஊசியையும் ஓர் அங்குலம் தள்ளிப் போடலாம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பி, உருகிய பின் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் பயன்படாது.

கடைசித் தவணை முடிந்து 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-எச்பிஎஸ் (ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் புரதம்) அளவு பார்க்க வேண்டும். அது 10 mIU/mL-க்குக் குறைந்தால் முழுச் சுற்றையும் மறுபடி போட வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்து, 10-க்குக் கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி போட்ட சில நாட்களில் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை (வைரஸின் மேற்புறப் புரதத்தைத் தேடி, தொற்று உள்ளதா என்று பார்ப்பது) செய்தால், தடுப்பூசியில் உள்ள புரதத்தாலேயே 'பாசிடிவ்' வரக்கூடும். தொற்று என்று நினைத்து நோயாளியைத் தனி இயந்திரத்துக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று வாரம் இடைவெளி விட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒன்று. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. நிமோனியாவுக்கு பிசிவி-20 என்ற வகை ஊசி என்றால் ஒன்றே போதும். பிசிவி-13 வகை என்றால் 8 வாரம் கழித்து பிபிஎஸ்வி-23 என்ற இன்னொரு நிமோனியா ஊசி. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர், அம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை அறுவை சிகிச்சைக்கு 4 வாரம் முன்பே முடிக்க வேண்டும்; பிறகு போட முடியாது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தவர்களுக்கு அதே வழியில் ஹெபடைடிஸ் பி தவணைகளையும் தொடங்கி, தேதி, அளவு, எந்தக் கை என்பதை மாத்திரை நோட்டிலேயே எழுதித் தர சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும். நோயாளி எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் அந்த நோட்டு கூடவே போகும்.

– டயாலிசிஸ் பிரிவு செவிலியர், திருச்சி