பிளேக் ஒரு "இல்ல" சொல்லிருந்தா

அடியே, எப்படி இருக்கே? உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடாம இருந்ததுக்கு கோச்சுக்காதே, கண்ணுல புரை எடுத்தாங்கன்னு சொன்னேன்ல, முதல் ரெண்டு வாரம் எதையும் உத்துப் பாக்கக்கூடாதுன்னுட்டாங்க, அதுக்கப்புறம் டிவி பாக்கலாம் ஆனா படிக்க எழுத வேண்டாம்னாங்க. இப்ப தான் எழுதவும் அனுமதி கிடைச்சிருக்கு, எழுத்து கொஞ்சம் மேலும் கீழுமா போனா பொறுத்துக்கோ. நீ வீடு மாறினது, வேலையை விட்டது எல்லாம் படிச்சேன். முப்பது வருஷம் ஓடிட்டு திடீர்னு காலைல எந்திரிச்சு எங்கயும் போக வேணாம்னா ஒரு மாதிரி வெறிச்சுன்னு தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஆறு மாசத்துல பழகிடும்.

சரி, விஷயத்துக்கு வரேன். டிவி பாக்கலாம்னு சொன்னதும் பையன் பிளேக்ஸ் செவன், அந்த பழைய இங்கிலீஷ் விண்வெளி சீரியல், முழு செட்டையும் போட்டு விட்டான், நாலு சீசன், சீசனுக்கு 13, மொத்தம் 52 எபிசோட், ஒண்ணு விடாம பாத்து முடிச்சிட்டேன். நீ லெட்டர்ல கடைசி எபிசோடை பத்தி அவ்ளோ கோவமா எழுதிருந்தே பாரு, "இவ்ளோ நாள் கூட உக்கார வச்சிட்டு கன்னத்துல அறைஞ்சு அனுப்பிட்டாங்க"ன்னு, அதை படிச்சதுல இருந்து உனக்கு பதில் மனசுலயே எழுதிக்கிட்டு இருக்கேன்.

உன் கோவம் எனக்கு புரியுது. 1978 ஜனவரில ஆரம்பிச்ச கதை, 1981 டிசம்பர் 21 ராத்திரி பிபிசில முடியுது, இன்னும் நாலு நாள்ல கிறிஸ்மஸ், குழந்தைங்க எல்லாம் உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கும், ஹீரோ பிளேக்கை அவன் கூட்டாளி ஏவானே சுட்டுடறான், அப்புறம் ஒவ்வொருத்தரா விழறாங்க, கடைசில துப்பாக்கி சத்தம் மட்டும் டைட்டில் மேல கேக்குது. அவ்ளோ தான், முடிஞ்சு போச்சு. அன்னிக்கு நேரா பாத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சாலே எனக்கு வயித்தை பிசையுது.

எங்க வீட்லயே மூணு பேரும் மூணு விதமா பேசறோம். பையன் சாதிக்கறான், யாரும் சாகலையாம், பிளேக் ஒருத்தன் உடம்புல தான் ரத்தம் காட்டறாங்க, மத்தவங்க சும்மா விழறாங்க, மயக்கம் போட வைக்கற துப்பாக்கியா கூட இருக்கலாம்னு. அவன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு தெரியுமா, பிளேக்கா நடிச்ச கேரத் தாமஸ் ரெண்டாவது சீசனோட விலகிட்டாரு, கடைசி எபிசோடுக்கு திரும்பி வர சம்மதிச்சதே பிளேக் சந்தேகமில்லாம செத்தாகணும்ங்கற நிபந்தனைல தான். அதான் அவன் சாவு மட்டும் அவ்ளோ உறுதியா, ரத்தமா இருக்கு. மத்தவங்களுக்கு கதவை லேசா திறந்து வச்சிருக்காங்கன்னு பையன் சொல்றான். இவரு என்னடான்னா ஏவான் ஒரு பைத்தியம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, கேக்காம சுட்டுட்டான்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க புலம்பினாரு. நீயும் கிட்டத்தட்ட அதையே தான் எழுதிருக்கே.

இங்க தான்டீ எனக்கு உங்க ரெண்டு பேரோடயும் சண்டை. ஏவான் கேட்டான். நல்லா திரும்ப பாரு. ஏவான் கூட்டத்து ஆள் டாரன்ட் ஓடி வந்து பிளேக் நம்ம எல்லாரையும் வித்துட்டான், உன்னையும் சேத்துன்னு சொல்றான், ஏவான் துப்பாக்கியை தூக்கிக்கிட்டு முதல்ல இது உண்மையான்னு தான் கேக்கறான், அப்புறம் எங்களுக்கு துரோகம் பண்ணிட்டியா, எனக்கு துரோகம் பண்ணிட்டியான்னு கேக்கறான். அந்த "எனக்கு" வரும்போது ஏவானா நடிச்ச பால் டாரோ குரல் உடையுது பாரு, நாலு வருஷமா யாரும் எனக்கு முக்கியமில்லைன்னு சொல்லிட்டு திரிஞ்சவன் குரல் அது. பிளேக் என்ன பதில் சொல்றான்? டாரன்டுக்கு புரியலைங்கறான். இதெல்லாம் நான் தான் ஏற்பாடு பண்ணேன்ங்கறான். உனக்காக தான் காத்துக்கிட்டு இருந்தேன்ங்கறான். சொல்லிக்கிட்டே கிட்ட நடந்து வரான். ஒவ்வொண்ணும் உண்மை, ஆனா ஒவ்வொண்ணும் துரோகி சொல்ற மாதிரியே காதுல விழுது. "இல்ல"ன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வரவே இல்ல.

அதுவும் யார்கிட்ட? ஏற்கனவே சூடு பட்டவன்கிட்ட. மூணாவது சீசன்ல ஏவான் காதலிச்ச அந்த ஆனா கதை ஞாபகம் இருக்கா, அவளை கொன்னவனை தேடிப் போய் பழி வாங்கணும்னு அலைஞ்சவன், கடைசில அவளே ஃபெடரேஷன், அதான் இவங்க எதிர்க்கற கொடுங்கோல் அரசாங்கம், அதோட உளவாளின்னு தெரிஞ்சு தன் கையாலயே சுட்டான். அடுத்து அதே சீசன் கடைசில, டெர்மினல் எபிசோட், பிளேக் உயிரோட இருக்கான்னு நம்பி போறான், பிளேக்கை பாக்கறான், பேசறான், அப்புறம் பாத்தா அது அத்தனையும் ஃபெடரேஷன் தலைவி சர்வலான் மருந்து குடுத்து உண்டாக்கின பொய். அந்த பொய்யை நம்பி போனதுல இவங்களோட லிபரேட்டர் விண்கப்பலே போச்சு. இப்ப மறுபடியும் ஒரு பிளேக், முகத்துல தழும்போட, முன்னாடி நிக்கறான். நீயா இருந்தா உடனே நம்பிருப்பியா?

நான் பழையபடி ஏவானை தான் திட்டிக்கிட்டு இருந்தேன், இந்த தடவை தான் என் கோவம் முழுக்க பிளேக் பக்கம் திரும்பிடுச்சு. அந்த எபிசோட்ல அவன் என்ன பண்ணிட்டு இருக்கான்? கௌடா பிரைம்ங்கற கிரகத்துல உக்காந்துக்கிட்டு தலைக்கு விலை வாங்கற ஆள் மாதிரி வேஷம் போட்டு, வரவங்களை பிடிச்சு, அவங்க உண்மையா ஃபெடரேஷனை எதிர்க்கறவங்களான்னு சோதிச்சு பாத்து ஆள் சேக்கறான். கூட இருக்கற டேவா கேக்கறான், இதை நீயே நேர்ல பண்ணணுமான்னு, பிளேக் ஒத்துக்கறான், எனக்கு யாரையும் நம்ப முடியலை, அது என் குறை தான்னு. அந்த இடத்துல நான் நிப்பாட்டிட்டேன்டீ. ரெண்டாவது சீசன் கடைசில, ஸ்டார் ஒன் எபிசோட்ல, இதே பிளேக் தான் ஏவான்கிட்ட சொன்னான், நான் உன்னை முதல்ல இருந்தே எப்பவும் நம்பினேன்னு. ஏவான் அப்ப உன்கிட்ட இருந்து விடுதலை வேணும்னு கத்திக்கிட்டு இருந்தவன். நம்பினவன் நம்ப முடியாதவனா ஆயிட்டான், யாரையும் நம்பாதவன் இவனை மட்டும் தேடி அத்தனை தூரம் வந்திருக்கான். ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க.

அந்த சோதனையோட லட்சணத்தை பாரு. ஆர்லனை சோதிச்சான், அவ பாஸ் ஆயிட்டா. அவ தான் ஃபெடரேஷன் அதிகாரி! டாரன்டை சோதிச்சான், அவன் நிஜமாவே பிளேக்கோட ஆளுங்க கூட்டத்துல இருந்து வந்தவன், அவனுக்கு அது சோதனைன்னே தெரியாது, தப்பிச்சு ஓடிப் போய் ஏவான்கிட்ட சொல்லிட்டான். எதிரியை உள்ள விட்டு நண்பனை வெளிய தள்ளின சோதனை. இதை எழுதின கிறிஸ் பௌச்சர் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஸ்கிரிப்ட் எடிட்டரா இருந்தவரு, இவங்க எல்லாரையும் உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவரு, அவரு சும்மா எல்லாரையும் கொன்னு தொலைச்சிட்டு கிளம்பலாம்னு இதை எழுதிருப்பாருன்னு நீ சொல்றதை என்னால ஒத்துக்க முடியலை.

இன்னொண்ணு, உனக்கு கூட்டத்துல அந்த பயந்தாங்கொள்ளி திருடன் வீலா தான் உயிர்னு தெரியும், அவனையும் விட்டு வைக்கலையேன்னு எழுதிருந்தே. எனக்கும் அவன் விழும்போது தான் கண்ணுல தண்ணி வந்துச்சு, டாக்டர் அழக்கூடாதுன்னு வேற சொல்லிருந்தாங்க. ஆனா அவன் விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணான்? எப்பவும் போல பயந்த மாதிரி வந்து ஆர்லனை அடிச்சு சாச்சான், அந்த ரூம்ல அந்த நேரத்துல உருப்படியா ஒண்ணு செஞ்சது அவன் ஒருத்தன் தான். இதுக்கு ரெண்டு எபிசோட் முன்னாடி, ஆர்பிட் எபிசோட்ல, ஷட்டில் மேல ஏற 70 கிலோ குறையணும்னதும் ஏவான் இவனை வெளிய தள்ள தேடினானே, வீலா இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு அழுதானே, அதை பாத்தப்பவே எனக்கு தெரிஞ்சு போச்சு இவங்க கூட்டம் நல்லபடியா முடியாதுன்னு. கடைசி எபிசோட் திடீர்னு வானத்துல இருந்து விழலை. நாலாவது சீசன் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா அழுகிக்கிட்டு இருந்ததை தான் கடைசில காட்டினாங்க.

சர்வலான் கடைசில வரலைன்னு நிறைய பேருக்கு வருத்தம், உனக்கும். எனக்கு அது சரின்னு தான் படுது. அவ வந்திருந்தா அவ ஜெயிச்சான்னு ஆயிருக்கும்.

சரி ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இதை பாத்துட்டு இருக்கும்போது நம்ம ரெண்டு பேரும் நாலு வருஷம் பேசாம இருந்தோமே, அது தான் திரும்ப திரும்ப வந்துச்சு. யாரோ ஒருத்தங்க வந்து உன்னை பத்தி அவ இப்படி பேசினான்னு சொன்னாங்க, நான் நேரா உனக்கு போன் போட்டு நீ அப்படி சொன்னியான்னு கேட்டேன், நீ என்ன சொன்னே ஞாபகம் இருக்கா? "நீயே என்னை இப்படி கேக்கறியா?"ன்னே. நான் போனை வச்சிட்டேன். நீ சொல்லலைங்கறது உனக்கு தெரியும், அது எனக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நீ எதிர்பார்த்தே, அதுல தப்பே இல்ல, ஆனா எனக்கு அன்னிக்கு தேவைப்பட்டது ஒரு "இல்ல" தான். கேட்ட விதமும் சரியில்ல தான், நான் கேக்கும்போதே என் குரல்ல தீர்ப்பு இருந்திருக்கும். இத்தனை வருஷத்துல இதை உன்கிட்ட சொன்னதே இல்ல, ஒரு பழைய சீரியல் பாத்துட்டு சொல்றேன் பாரு.

அதான் ஏவானை பைத்தியம்னு யாராவது சொன்னா எனக்கு சுருக்குன்னு இருக்கு.

அந்த கடைசி சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடலை. பிளேக் உடம்புக்கு ரெண்டு பக்கமும் காலை வச்சு நின்னுக்கிட்டு, சுத்தி ஃபெடரேஷன் ஆளுங்க துப்பாக்கியோட, அவன் மெதுவா துப்பாக்கியை தூக்கறான், சிரிக்கறான். மூளை கலங்கிடுச்சுன்னு இவரு சொல்றாரு. பையன் ஏதோ திட்டம் வச்சிருக்கான், அவங்க கம்ப்யூட்டர் ஓராக் அந்த ரூம்லயே இல்ல பாருங்கன்னு சொல்றான். எனக்கு அவன் நின்ன விதம் தான் கண்ணுலயே நிக்குது, செத்தவனுக்கு காவல் நிக்கற மாதிரி இருந்துச்சு. சுட்டதும் இவன் தான், காவலும் இவன் தான். நீ என்ன நினைக்கறேன்னு எனக்கு தெரியணும்.

கேரத் தாமஸ் 2016ல போயிட்டாரு, சர்வலானா நடிச்ச ஜாக்குலின் பியர்ஸ் 2018, பால் டாரோ 2019. அதுவும் சேந்து தான் இந்த தடவை அந்த ரூம் எனக்கு இன்னும் கனமா தெரிஞ்சுச்சோ என்னமோ.

நீ எனக்காக ஒண்ணு பண்ணு. முழு எபிசோட் வேணாம், உனக்கு மறுபடி கஷ்டமா இருக்கும். பிளேக் உள்ள வரதுல இருந்து அவன் விழறது வரைக்கும் மட்டும் பாரு. மூணு குண்டு பட்டும் அவன் பின்னால சாயல, முன்னால நடந்து வந்து ஏவான் கையை பிடிச்சுக்கறான், அவன் பேரை சொல்லிட்டு தான் விழறான். அந்த பிடில கோவம் இருக்கா இல்லையான்னு பாத்து சொல்லு, எனக்கு இல்லைன்னு தான் தோணுது.

கண்ணுக்கு மருந்து விடற நேரம் ஆச்சு, பையன் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டான். புது வீட்டு அட்ரஸை லெட்டர்ல சரியா எழுது, போன தடவை பின்கோட்ல ஒரு நம்பர் விட்டு போச்சு.

உன்,
பழைய பக்கத்து பெஞ்சு